பத்மாசனி: ஒரு திருநாமத்தின் சொல்லும் பொருளும்

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வழியாக ஏர்வாடிக்குச் செல்லும் கடற்கரைப் பகுதியில், ராமநாதபுரத்திற்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்புல்லாணி. ஏர்வாடி என்றவுடன் பல சமயத்தாரும் வந்து வழிபடும் தர்காவே பலர்க்கும் நினைவுக்கு வரும். அதே கரையைச் சார்ந்து, பாண்டிநாட்டுத் திருப்பதிகள் பதினெட்டனுள் ஒன்றாக, ஆதி ஜகந்நாதன் வீற்றிருந்த திருக்கோலத்தில் இங்கு எழுந்தருளியிருக்கிறான். இத்தலத்துத் தாயாருக்குக் கல்யாணவல்லி என்றும் பத்மாசனி என்றும் இரண்டு திருநாமங்கள் வழங்குகின்றன. முன்னது பல திவ்யதேசங்களிலும் காணப்படும் ‘வல்லி’ என்னும் ஈறு பெற்ற வரிசையைச் சேர்ந்தது. பின்னது அவ்வரிசையில் அடங்காதது. பெண்மக்களுக்கு இடும் பெயராகவும் தமிழகத்தில் வழங்கி வருவது.

இத்திருநாமத்தைப் பற்றி ஸம்ப்ரதாயத்திற்குள்ளிருந்தே ஒரு கேள்வி எழுகிறது. எம்பெருமான் திருமார்பை நொடிப்பொழுதும் பிரிய மாட்டாதவளாகப் பிராட்டியைத் திருவாய்மொழி ஆறாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியில் நம்மாழ்வார் அநுபவித்தார். அப்படிப்பட்டவளைத் ‘தாமரையை ஆசனமாக உடையவள்’ என்று அழைப்பது பொருந்துமா? மார்பில் உறைபவளுக்கு வேறோர் இருக்கை எதற்கு? இக்கட்டுரை அந்தச் சொல்லின் வடிவத்தையும் பொருளையும் ஆராய்ந்து, இக்கேள்விக்கு விடை காண முற்படுகிறது.

திருநாமங்களும் பெண்பெயர்களும்

ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்களில் பெண்ணின் பெயரைக் கொண்டே அக்குடும்பம் எந்தத் திருப்பதியில் ஈடுபட்டது என்று பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். பெருந்தேவி என்றால் கச்சி, கோமளவல்லி என்றால் குடந்தை, செங்கமலவல்லி என்றால் மன்னார்குடி, ரங்கநாயகி என்றால் திருவரங்கம், அலர்மேல்மங்கை என்றால் திருவேங்கடம். ஆண்டாளின் இயற்பெயராகிய கோதை, மாலை என்று பொருள்படும் தமிழ்ச் சொல். ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி (1901–1960) பெயரிலும் வில்லிபுத்தூர் மணக்கிறது. மதுரையில் விடுதலை இயக்கத்தில் பங்கேற்ற பத்மாசனி அம்மாளின் (1897–1936) பெயர் நாம் எடுத்துக்கொண்ட பெயரே.

குருபரம்பரை நூல்களில் காணும் பெண்பெயர்கள் வேறொரு செய்தியையும் தெரிவிக்கின்றன. பெரிய நம்பியின் திருக்குமாரத்தி அத்துழாய், திருத்துழாயின் பெயர் பெற்றவள். கூரத்தாழ்வானின் தேவிகள் ஆண்டாள். பிள்ளை உறங்காவில்லி தாஸரின் மனைவி பொன்னாச்சி. அவளையே ஹேமாம்பாள் என்றும் கூறுவர். எம்பெருமானாரின் தேவிகளைத் தஞ்சமாம்பாள் என்றும் ரக்ஷகாம்பாள் என்றும் வழங்குவர். பொன் என்ற தமிழ்ச் சொல் ஹேமம் ஆகிறது. தஞ்சம் என்ற தமிழ்ச் சொல்லுக்கு ரக்ஷகம் ஈடாகிறது. ஒரே பொருள் செந்தமிழிலும் வடமொழியிலுமாக இரண்டு வடிவம் பெற்று, ஒருவரையே குறிக்கிறது. உபயவேதாந்தம் என்று நாம் பேசுவது நூல்களின் அளவில் நிற்கவில்லை. வீட்டில் பெண்ணைக் கூப்பிடும் பெயர்வரை வந்திருக்கிறது.

இந்த நோக்கில் பார்த்தால் பத்மாசனி என்ற திருநாமத்திற்கு நேரான தமிழ் வடிவம் அலர்மேல்மங்கை என்பது விளங்கும். திருச்சானூரில் அலர்மேல்மங்கைக்கு இணையாகப் பத்மாவதி என்ற வடமொழித் திருநாமம் வழங்குகிறது. ஆனால் பத்மாவதி என்பது ‘தாமரையை உடையவள்’ என்ற அளவில் நிற்பது. ‘மேல்’ என்னும் தமிழ்ச் சொல் உணர்த்துகிற இருப்பு அதில் வெளிப்படையாக இல்லை. பத்மாசனியில் அது வெளிப்படையாகவே உள்ளது. ஆகவே சொற்பொருளால் திருவேங்கடத்துத் தமிழ்த் திருநாமத்திற்கு மிக நெருங்கிய வடமொழி வடிவம் புல்லாணியில் வழங்குகிறது எனலாம்.

சொல்லின் வடிவம்

இப்பெயரைப் பத்மாசனி என்றும், பத்மாஸநி என்றும், பத்மாசினி என்றும் எழுதக் காண்கிறோம். முதலிரண்டும் எழுத்து வேறுபாடே. மூன்றாவது வேறு சொல்.

பத்மம், ஆஸநம் என்னும் இரண்டு சொற்களும் சேர்ந்து ‘தாமரையை ஆசனமாக உடையவள்’ என்ற பொருளில் பஹுவ்ரீஹி ஸமாஸம் ஆகும்போது, வடமொழி இலக்கண நெறிப்படி பெண்பால் வடிவம் ‘பத்மாஸநா’ என்று ஆகார ஈறு பெறும். ‘பத்மாஸிநீ’ என்பது அமர்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்து, ‘தாமரையில் அமரும் இயல்பினள்’ என்று பொருள்படும். இரண்டும் வடமொழிக்கு இயைந்தவை. நம் திருநாமமாகிய பத்மாசனியோ இவ்விரண்டும் அன்று.

இதனால் இதனைப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. வடசொல் தமிழில் வழங்கும்போது தமிழின் பால் விகுதிகளை ஏற்கும். குமரன் – குமரி, சுந்தரன் – சுந்தரி, நாரணன் – நாரணி என்னும் இணைகளில் ‘அன்’ ஈற்று ஆண்பாலுக்கு ‘இ’ ஈறு பெண்பாலாக நிற்கிறது. அவ்வாறே பத்மாசனன் என்பதற்குப் பெண்பால் பத்மாசனி ஆயிற்று. சொற்கள் வடமொழியின; முடித்த விகுதி தமிழர் நாவிற்குரியது. மணிப்ரவாள நடையில் வியாக்கியானங்களைப் படைத்த மரபினர்க்கு இத்தகைய சேர்க்கை புதிதன்று.

ஆனால் இங்கே ஒரு மயக்கம் நேரிடும். பத்மாசனன், கமலாசனன் என்னும் பெயர்கள் நான்முகனைக் குறிப்பவை. அமரகோசம் நான்முகனின் பெயர்களுள் கமலாஸநன் என்பதைச் சேர்த்துள்ளது. ஆகவே பத்மாசனி என்பதற்கு ‘பத்மாசனனின் துணைவி’ என்று பொருள் கொண்டு, நாமகளைக் குறிப்பதாக ஒருவர் கருதக் கூடும். இது பொருந்தாது. இங்கு ‘இ’ விகுதி கணவன்–மனைவி உறவைக் குறிப்பதன்று. தாமரையை ஆசனமாக உடைமை என்னும் தன்மையையே பெண்பாலில் குறிக்கிறது.

மற்றொரு மயக்கம் இக்காலத்தது. பத்மாஸனம் என்றவுடன் யோகாசனங்களுள் ஒன்றை நினைப்பவர் பலர். தாயாரின் அர்ச்சைத் திருமேனிகள் பல திருவடிகளை மடித்து அமர்ந்த கோலத்தினவாதலால், ‘பத்மாஸன நிலையில் இருப்பவள்’ என்று பொருள் கூறினாலும் தவறாகாது. ஆயினும் அது திருமேனியின் அமைப்பைச் சொல்லும் பொருளே. முதற்பொருள், மலராகிய இருக்கையை உடையவள் என்பதேயாம். ஸ்ரீஸூக்தமும் அவளைத் தாமரையில் நிலைபெற்றவளாகவே அழைக்கிறது.

ஆலயமும் ஆசனமும்

பிராட்டிக்கும் தாமரைக்கும் உள்ள தொடர்பைப் பெயர்கள் ஒரே விதமாகச் சொல்வதில்லை. பூமகள், மலர்மகள் என்னும் பெயர்கள் தாமரையைப் பிறப்பிடமாக்குகின்றன. திருக்குறளின் 617ஆம் குறளில் வரும் ‘தாமரையினாள்’ என்னும் சொல், தொடர்பு உண்டு என்ற அளவில் நிற்கிறது. அமரகோசம் கூறும் ‘பத்மாலயா’ தாமரையை அவளுக்கு இல்லமாக்குகிறது. அலர்மேல்மங்கையும் பத்மாசனியும் தாமரையை அவளுக்கு இருக்கையாக்குகின்றன.

இவற்றுள் கடைசி இரண்டன் வேறுபாடே நம் கேள்விக்கு வழிகாட்டுகிறது. ஆலயம் என்பது ஒருவர் வாழும் இடம். ஆசனம் என்பது ஒரு காரியத்திற்காக அமரும் இடம். அரசனுக்கு அரண்மனை ஆலயம். ஓலக்க மண்டபத்துச் சிங்காதனம் ஆசனம். அமரகோசம் தாமரையை நான்முகனுக்கு ஆசனமாகவும், திருமகளுக்கு ஆலயமாகவும் வைத்தது. புல்லாணித் திருநாமமோ தாமரையைப் பிராட்டிக்கு ஆலயமாக்காமல் ஆசனமாக்கிற்று.

ஸ்ரீவிஷ்ணுபுராணம் முதல் அம்சத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இதற்குத் துணை நிற்கிறது. கடல் கடைந்தபோது மலர்ந்த தாமரையில் நின்றவளாய்த் திருமகள் தோன்றினாள். பாற்கடல் உருவெடுத்து வந்து, வாடாத தாமரை மாலையை அவளுக்கு அளித்தது. தேவர்கள் எல்லாரும் பார்த்திருக்க அவள் ஹரியின் திருமார்பை அடைந்தாள். தாமரை அவள் தோன்றிய இடம். திருமார்பு அவள் சென்று சேர்ந்த இடம். பிறந்தகமும் புக்ககமும் போல இவை இரண்டும் அமைகின்றன. புக்ககம் சேர்ந்தவள் பிறந்தகத்தைத் தன் இல்லமாகக் கொள்வதில்லை. ஆகவே ஆழ்வார்களின் அநுபவத்தில் திருமார்பே ஆலயம். அதனை ஆலயமாகக் கொண்ட பிறகு, தாமரைக்கு எஞ்சி நிற்பது ஆசனம் என்னும் தகுதியே.

அப்படியானால் அந்த ஆசனத்தில் அவள் எப்போது, எதற்காக அமர்கிறாள்? கோயில் அமைப்பே விடை கூறுகிறது. எம்பெருமான் திருமார்பில் அவள் எப்போதும் உறைகிறாள். அவளே தனிக்கோயில் நாச்சியாராகத் தாமரையில் அமர்ந்து, வந்தவர்களுக்குக் காட்சி தருகிறாள். பெருமாளிடம் செல்லுமுன் தாயாரைச் சேவிக்கும் முறைக்குப் புருஷகாரமே அடிப்படை. ‘ஸ்ரீ’ என்னும் ஒரு சொல்லுக்கு நம் ஆசார்யர்கள் கூறிய பொருள்களுள் இரண்டை இங்கு நினைக்க வேண்டும். அடியார் சொல்வதைக் கேட்கிறாள் என்பது ஒன்று. கேட்டதை எம்பெருமானைக் கேட்பிக்கிறாள் என்பது மற்றொன்று. கேட்பவளுக்கு ஓர் இருக்கை வேண்டும். அவ்விருக்கையே பத்மாசனம். மார்பில் இருப்பது அவனுக்காக. மலரில் இருப்பது நமக்காக.

ஆளவந்தார் அருளிச்செய்த சதுச்லோகியின் முதல் சுலோகமும் இங்கு நோக்கத் தக்கது. பிராட்டிக்குரிய நாயகன், படுக்கை, ஆசனம், வாகனம் ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்துகிறார். புருஷோத்தமன் நாயகன், அனந்தனும் கருடனும் மற்றவற்றுக்கு உரியவர்கள். தாமரை அவ்வரிசையில் இல்லை. எம்பெருமானோடு கூடியிருக்கும் இருப்பில் அவளுடைய பரிவாரம் அவனுடைய பரிவாரமே. தாமரையோ அவளுக்கே உரிய தனி இருக்கை. அச்சுலோகத்தின் முடிவில், ‘ஸ்ரீ’ என்பதே அவளுடைய திருநாமமாக இருக்க அவளை எப்படிப் பேசுவது என்று ஆளவந்தார் தயங்கி நிற்கிறார். பெயரே பெருமை முழுவதையும் சொல்லிவிடுகிறது என்பது அதன் கருத்து. திருநாமத்தை ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

புல்லும் தாமரையும்

இனி, இத்திருநாமம் வழங்கும் தலத்தைப் பார்ப்போம். தலத்தின் பெயரிலேயே புல் உள்ளது. கடலரசனை வழிவேண்டிப் பெருமாள் தர்ப்பைப் புல்லின்மேல் மூன்று இரவுகள் கிடந்ததை வால்மீகி பகவான் யுத்த காண்டத்தில் கூறுகிறார். அச்செயல் நிகழ்ந்த கரையாக மரபு போற்றுவது புல்லாணியை. தர்ப்பசயன ராமன் இங்குக் கிடந்த திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்கிறான். அருகே பிராட்டி இல்லை. அவளை இழந்த காலத்துக் கோலமன்றோ அது!

விபீஷணாழ்வான் சரணம் புகுந்ததும் இக்கரையிலேயே என்பது மரபு. இலங்கையை விட்டு வந்தவன் தரையில் இறங்காமல் வானத்திலேயே நின்று தன் வரவை அறிவித்தான் என்கிறார் வால்மீகி. சக்கரவர்த்தித் திருமகன் அரண்மனையையும் மெத்தையையும் இழந்து புல்லில் கிடக்கிறான். அரக்கர் குலத்து அரசிளங்குமரன் கால் வைக்க இடமின்றி வானில் நிற்கிறான். இழந்தவர்களின் கரையாக நிற்கிறது அந்தச் சேது.

பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் காகத்தின் கதையையும் ராவணனின் கதையையும் ஒப்பிட்டு, பிராட்டி அருகே இருந்தமையால் ஒன்று உயிர் தப்பியது, இல்லாமையால் மற்றவன் அழிந்தான் என்று காட்டுகிறார். அவள் இருப்பே காப்பு. அவள் இல்லாமையே கேடு. அத்தகையவள் இல்லாத கரையில் கோயில் கொண்ட தாயாருக்கு, இருப்பையே பொருளாகக் கொண்ட ஒரு திருநாமம் வழங்குவது எண்ணி மகிழத் தக்கது. எம்பெருமான் ராகவனாக அவதரிக்கும்போது அவள் ஸீதையாகிறாள் என்று ஸ்ரீவிஷ்ணுபுராணம் கூறும். ஸீதை என்னும் திருநாமம் அவதாரத்தில் நேர்ந்த பிரிவையும் உடன் நினைப்பூட்டும். பத்மாசனியோ அப்பிரிவு தொடாத திருநாமம். சுந்தர காண்டத்தில் ராவணனிடம் பிராட்டியே, சூரியனும் அவன் ஒளியும் போலத் தான் ராகவனினின்று வேறாகாதவள் என்று கூறினாள். புல்லில் கிடந்தவனும் மலரில் அமர்ந்தவளும் ஒரே கோயிலுக்குள் ஸேவை ஸாதிப்பது அவ்வார்த்தைக்கு உரையாக அமைகிறது.

இன்னொன்றும் உண்டு. திருமகள் கடலின் மகள். தன் பிராட்டியை மீட்கப் பெருமாள் வழிகேட்டுக் கிடந்தது கடலரசனிடம். பாற்கடல் வேறு, தென்கடல் வேறு என்று பிரிக்காமல் கடல் என்னும் ஒற்றுமை நோக்கினால், மருமகன் மாமனாரின் வாசலில் கிடந்தது போலாகிறது. அக்கரையில் கடல் தந்த தாமரையின் பெயரால் அவள் அழைக்கப்படுகிறாள்.

பெயர் இல்லாத தலைவி

புல்லாணியில் மற்றொரு பெண்ணும் இருக்கிறாள். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி ஒன்பதாம் பத்தின் மூன்றாம், நான்காம் திருமொழிகளை இத்தலத்திற்கு அருளிச்செய்தார். இரண்டும் பெண் பேச்சாக அமைந்தவை. முன்னதில் தலைவி தன் நெஞ்சை விளித்து, எழுந்து புல்லாணி தொழுவோம் என்கிறாள். பின்னதில், மெய்யல்லாத வார்த்தையை நம்பி இருந்துவிட்டேனே என்று இரங்குகிறாள். பெண்ணை மரத்து அன்றிலின் குரலும் அவளை வருத்துகிறது.

அத்தலைவிக்குப் பாசுரத்தில் பெயர் இல்லை. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் வகுத்த நெறியை ஆழ்வாரும் பேணினார். அவளுக்குப் பரகால நாயகி என்று பெயரிட்டு வழங்குவது ஸம்ப்ரதாயம். ஆழ்வாரின் பரகாலன் என்னும் விருதுப் பெயரே பெண்மையில் நாயகி ஆயிற்று. ஞானம் மேலிட்டபோது தம் பேச்சாகவும், காதல் மேலிட்டபோது பெண் பேச்சாகவும் ஆழ்வார்கள் பேசுவர் என்று ஆசார்ய ஹ்ருதயம் நிறுவுகிறது. ஆகவே பரகால நாயகி என்பது ஒருத்தியின் தனிப்பெயர் அன்று. பிரிவில் தவிக்கும் ஆத்மாவின் பெயர்.

இரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். பரகால நாயகி கடற்கரையில் இரங்கி நிற்பவள். அவளுக்கு நிலைகொள்ள ஓர் இடமில்லை. பத்மாசனி அமர்ந்திருப்பவள். தமிழில் ‘இருத்தல்’ என்னும் சொல் அமர்தலையும் உளதாதலையும் ஒருங்கே குறிக்கும். நம்பி இருந்தேன் என்று தலைவி இரங்கும் இருப்பு, ஆறுதலற்ற இருப்பு. தாயாரின் இருப்போ அவ்விரங்கலைக் கேட்பதற்கான இருப்பு. ஒரே தலத்தில் முறையிடுபவளும் கேட்பவளும் அமைந்துள்ளனர். ஆழ்வாரின் முறையீடு எம்பெருமானை நோக்கியது. ஆனால் அதைக் கேட்பிப்பவள் அங்கே தாமரையில் இருக்கிறாள்.

மகளுக்கு இடும் பெயர்

பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம் பத்து ஆறாம் திருமொழியில், பிள்ளைகளுக்கு எம்பெருமான் திருநாமங்களையே இட்டு அழைக்குமாறு பெற்றோரை வேண்டுகிறார். செல்வத்தையும் மானிடப் பெயர்களின் கவர்ச்சியையும் விட்டு, நாரணன் பெயரை இட்ட பிள்ளையின் தாய் நரகம் புகாள் என்பது அத்திருமொழியின் உறுதி. அங்கு எடுத்தோதப்படுபவை எம்பெருமானின் திருநாமங்கள். பெண்குழந்தையைப் பெற்றவளுக்கு இவ்வுறுதி பொருந்துமா?

பொருந்தும் என்பதே நம் மரபின் விடை. த்வய மந்திரத்தில் நாராயண சப்தத்திற்கு முன் ‘ஸ்ரீமத்’ என்னும் சொல் நிற்கிறது. அங்குள்ள ‘மத்’ என்பது பிராட்டியோடு அவனுக்கு உள்ள நித்ய ஸம்பந்தத்தைக் காட்டும் என்று ஆசார்யர்கள் உரைத்தனர். அந்த ஸம்பந்தம் நித்யமானால், அவள் பெயரைச் சொல்லும்போது அவனை விட்டுச் சொல்ல இயலாது. அலர்மேல்மங்கை உறையும் மார்பன் என்றே அவனை அடையாளம் காட்டினார் நம்மாழ்வார். தாயாரின் திருநாமத்தால் மகளை அழைப்பவள், அத்தாயாரைத் தாங்கும் திருமார்பையும் சேர்த்தே அழைக்கிறாள்.

இப்பெயரை இட்டவர்கள் அதைப் பத்மா என்று சுருக்கி அழைப்பது உண்டு. பத்மா என்பதும் திருமகளின் பெயரே. அமரகோசம் அதையும் சொல்கிறது. ஆயினும் சுருக்கத்தில் போய்விடுவது ஆசனம். தாமரை எந்தக் குளத்திலும் மலரும்; அதில் நமக்காக ஒருத்தி அமர்ந்திருக்கிறாள் என்பதே இத்திருநாமத்தின் செய்தி. ஆகவே பெயரிட்டவர்கள் நாளுக்கு ஒரு முறையேனும் அதை முழுமையாகச் சொல்லி அழைப்பது நலம். புல்லில் கிடந்தவனையும், வானில் நின்றவனையும், கரையில் இரங்கியவளையும் நினைத்து அழைத்தால், அவ்வழைப்பே புல்லாணி தொழுததாகும்.